வியாழனுக்குள் இளக வேண்டிய வான்கோழி

அமெரிக்காவில் நவம்பர் மாதத்தின் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். 1863இல் லிங்கன் வெளியிட்ட அறிவிப்பு அதை நாடு தழுவிய விழாவாக்கியது. 1941இல் வந்த சட்டம் இந்தக் கிழமையை உறுதிசெய்தது. அந்த விழாவுக்காக அந்நாட்டு மக்கள் சாப்பிடும் வான்கோழிகள் சுமார் 4.6 கோடி என்பது அங்குள்ள தேசிய வான்கோழிக் கூட்டமைப்பின் மதிப்பீடு. இத்தனை பறவைகளை ஒரே வாரத்தில் அறுத்துக் கடைகளுக்கு அனுப்ப எந்த நாட்டாலும் முடியாது. ஆகவே மின்னசோட்டா, வட கரோலினா போன்ற மாநிலங்களில் வருடம் முழுக்க அறுத்து, உறையவைத்து, குளிர்கிடங்குகளில் அடுக்கிவைக்கிறார்கள். நவம்பர் பிறந்ததும் சூப்பர் மார்க்கெட்டுகள் அவற்றை அடக்க விலைக்கும் கீழே விற்று ஆட்களை உள்ளே இழுக்கின்றன. வீட்டுக்கு வந்து சேர்வது ஆறேழு கிலோ எடையில், தட்டினால் ஓசை கேட்கும் அளவுக்கு இறுகிப்போன ஒரு பறவை.

1981இல் பட்டர்பால் என்ற வான்கோழி நிறுவனம் சமையல் சந்தேகங்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. ஆறு மனையியல் வல்லுநர்கள் உட்கார்ந்து அந்த ஒரு பருவத்தில் 11,000 அழைப்புகளுக்குப் பதில் சொன்னார்கள். 1985இல் அமெரிக்க வேளாண் துறையும் இறைச்சி, கோழி வகைகளுக்கென ஓர் உதவி எண்ணை நிறுவியது. மக்கள் அதிகம் கேட்கும் கேள்வி எது என்று பட்டர்பால்காரர்களைக் கேட்டால் ஆண்டுதோறும் அதே பதில்தான் வரும்: ஐஸ் எப்படி விடுவது, எத்தனை நாள் ஆகும்?

எளிய கேள்விபோலத் தெரிகிறது. ஆனால் அதற்குள் வெப்ப இயற்பியல், நுண்ணுயிரியல், குடும்ப நாள்காட்டி ஆகிய மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. கிடைக்கும் ஆய்வுகளையும் அரசு அறிவுரைகளையும் சேர்த்துப் படித்தபின் எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. தாமதம் மட்டும் ஆபத்தை உண்டாக்குவதில்லை. “இனி நேரமில்லை, வேறு வழியில்லை” என்று நினைத்துச் சுடுநீரிலோ சமையல் மேடையிலோ பறவையைக் கிடத்தும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. உண்மையில் சனிக்கிழமை நினைவுக்கு வந்தாலும், புதன்கிழமை வந்தாலும், வியாழன் விடிந்தபிறகே வந்தாலும் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு பாதுகாப்பான வழி இருக்கிறது.

முதலில், ஏன் இத்தனை தாமதம்? வான்கோழிக் கறியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். ஒரு கிலோ பனிக்கட்டியை அதன் சூடு சற்றும் உயராமல் நீராக மட்டும் மாற்றுவதற்கு 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சுடவைத்துவிடலாம். ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரியிலிருந்து கறி ஓரளவு சீக்கிரமாகவே மேலேறிவிடும். மைனஸ் 2, மைனஸ் 1 என்ற இடத்துக்கு வந்ததும் மணிக்கணக்கில் அங்கேயே நிற்கும். உள்ளே போகும் வெப்பமெல்லாம் பனிப்படிகங்களைக் கரைப்பதற்கே செலவாகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பனிக்கட்டி வெப்பத்தைக் கடத்தும் திறன் நீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. பறவை உறையும்போது வெளியே உருவாகும் பனி அடுக்கு உள்வெப்பத்தை எளிதாக வெளியே கடத்திவிடுகிறது. இளகும்போது நிலைமை தலைகீழ். முதலில் இளகும் வெளியடுக்கு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாததால், உள்ளே இருக்கும் பனிக்கு அதுவே போர்வையாகிவிடுகிறது. உறைவதைவிட இளகுவது மெதுவாக நடப்பதன் காரணம் இது. தடிமன் கூடக்கூட நிலைமை மோசமாகும்: கறியின் தடிமன் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பையும் தாண்டி நான்கு மடங்கை நெருங்கக்கூடும். அரைக்கிலோ கறித்துண்டை வைத்துப் பழகிய கை, ஏழு கிலோ முழுப் பறவையின் கணக்கைத் தப்பாகப் போடுவது இதனால்தான்.

இனி நுண்ணுயிர். உறைநிலை கிருமிகளைப் பெருகவிடாமல் நிறுத்திவைக்கிறதே தவிர, அழித்துவிடுவதில்லை. பச்சைக் கோழியிலும் வான்கோழியிலும் முக்கியமாகக் கவலைப்பட வேண்டியவை சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற இரண்டு. அமெரிக்காவில் ஆண்டுக்கு 13.5 லட்சம் பேர் சால்மோனெல்லாவால் நோயுறுகிறார்கள் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மதிப்பீடு. 2017 முதல் 2019 வரை பச்சை வான்கோழிக் கறியோடு தொடர்புடைய ஒரு சால்மோனெல்லாத் தொற்று 42 மாநிலங்களில் பரவியது. 358 பேர் நோயுற்றார்கள், 133 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பழியை ஒரு பண்ணைமீதோ ஒரு ஆலைமீதோ போட முடியவில்லை. பல இடங்களிலிருந்து வந்த கறியிலும் அதே வகைக் கிருமி இருந்தது. வாங்கும் பறவையில் கிருமி இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

இவ்விரண்டு கிருமிகளும் தொல்லை கொடுக்கும் விதம் வெவ்வேறு. குளிர்பதன அளவைத் தாண்டிச் சூடு ஏற ஏற சால்மோனெல்லா பெருகத் தொடங்கும். கேம்பிலோபாக்டர் சுமார் 30 டிகிரிக்குக் கீழே பெருகாது. ஆனால் மிகச் சிறிய எண்ணிக்கையே நோய் உண்டாக்கப் போதும். முதல் கிருமிக்குப் பயந்து பறவையைக் குளிரிலேயே இளக்க வேண்டும். இரண்டாவதற்குப் பயந்து, இளகும் கறி விடும் சிவந்த நீர் வேறெதன்மீதும் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலர் முதலாவதை மட்டும் நினைவில் வைத்து இரண்டாவதைக் கோட்டை விடுகிறார்கள். பறவை ஃப்ரிட்ஜில் ஒழுங்காகத்தான் இளகும். அது சொட்டிய நீர் கீழ்த்தட்டில் உள்ள கொத்தமல்லிக் கட்டில் போய்ச் சேர்ந்திருக்கும்.

“எப்படியும் ஓவனில் வேகத்தானே போகிறது, கிருமி என்ன செய்யும்?” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, பதில் இரண்டு. ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் பெருகும்போது விடும் நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. அதோடு, பெருகிய கிருமி ஓவனுக்குப் போகும்முன் கை, கத்தி, பலகை, குழாய்ப்பிடி என்று சமையலறை முழுக்கச் சுற்றி வந்துவிடும். ஓவன் சூடு அங்கெல்லாம் எட்டாது.

இந்தக் காரணங்களால் அமெரிக்க வேளாண் துறை 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் 140 டிகிரிக்கும் இடைப்பட்ட பகுதியை ஆபத்து எல்லை என்கிறது. செல்சியஸில் சொன்னால் 4.4 முதல் 60 வரை. கெட்டுப்போகும் உணவு இந்த எல்லைக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மேசையில் வைத்த வான்கோழியின் தோல் சில மணி நேரத்திலேயே அந்த எல்லைக்குள் வந்துவிடும். நெஞ்செலும்பை ஒட்டிய கறியோ மறுநாளும் உறைந்தே கிடக்கலாம். வெளியே கெடத் தொடங்கியதும் உள்ளே இளகாததும் ஒரே பறவையில் ஒரே நேரத்தில் இருக்கும் இந்த முரண்பாட்டைத் தீர்க்கத்தான் எல்லா முறைகளும் பிறந்தன.

அவற்றில் முதலிடம் ஃப்ரிட்ஜுக்கு. நான்கைந்து பவுண்டு எடைக்கு ஒரு நாள் என்பது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வான்கோழிக்குக் கிலோவுக்கு 10 முதல் 12 மணி நேரம் என்கிறார்கள். தனித்தனியாகப் பிறந்த இரண்டு விதிகளையும் ஒரே அலகுக்கு மாற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ பறவைக்கு ஏறத்தாழ நான்கு நாள். வியாழன் காலை ஓவனுக்குள் போக வேண்டுமென்றால் ஞாயிறு காலைக்குள் ஃப்ரீசரிலிருந்து கீழே இறங்கியாக வேண்டும்.

நான் சனிக்கிழமை என்றே சொல்வேன். காரணம் விதியில் எழுதப்படாத ஒரு விஷயம். உறைந்த கறி மைனஸ் 1, 2 டிகிரியில் நின்று இளகுகிறது; ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருந்தால் இரண்டுக்கும் இடையில் ஐந்தரை டிகிரி வித்தியாசம் இருக்கும். வெப்பத்தை உள்ளே தள்ளுவது அந்த வித்தியாசம்தான். பத்திரமாக இருக்கட்டுமென்று ஃப்ரிட்ஜை 1 டிகிரியில் வைத்திருக்கும் வீட்டில் வித்தியாசம் இரண்டரையாகச் சுருங்கிவிடும். அங்கே அதே பறவைக்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்தாலும் வியப்பில்லை. “சொன்னபடி நான்கு நாள் வைத்தேன், இன்னும் இளகவில்லை” என்று புலம்புபவர்கள் பலரும் கணக்கில் தவறியவர்கள் இல்லை. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் நல்ல குளிர்ச்சி, அவ்வளவுதான். சில டாலருக்குக் கிடைக்கும் ஒரு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் இந்தக் குழப்பத்தைப் பாதி தீர்த்துவிடும். முன்கூட்டியே இளகிவிட்டாலும் பாதகமில்லை. ஃப்ரிட்ஜில் இளகிய பறவை மேலும் ஒன்றிரண்டு நாள் அங்கேயே இருக்கலாம். விருந்து தள்ளிப்போனால் சமைக்காமலே மறுபடி உறையவைக்கவும் செய்யலாம். ருசி கொஞ்சம் குறையும், ஆபத்தில்லை. இந்தச் சலுகை வேறு எந்த முறைக்கும் கிடையாது. பறவையை உறையோடு, விளிம்பு உயர்ந்த ஒரு தட்டில் கிடத்தி, அடித்தட்டில் வைத்தால் போதும்.

அமெரிக்காவில் வாழும் தமிழர் வீடுகளில் ஒரு நாள் கூடுதலாக வேண்டியிருக்கும். வெண்ணெய் மட்டும் தடவி ஓவனில் வைப்பவருக்கு வியாழன் காலை இளகியிருந்தால் போதும். மிளகும் இஞ்சி பூண்டும் தயிரும் அரைத்துத் தடவி ஓர் இரவு ஊறவைக்க நினைப்பவருக்குப் புதன் மாலைக்குள் தொடைச் சந்துவரை இளகியிருக்க வேண்டும். உறைந்த கறியில் மசாலா இறங்காது. அவர்கள் வெள்ளி இரவே பறவையை ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுவது நல்லது. பிரியாணிக்கென்றால் முழுப் பறவையே தேவையில்லை. தனித்தனியாக விற்கும் கால், தொடைத் துண்டுகள் மிகச் சீக்கிரம் இளகிவிடும்.

உறைந்தது வேண்டாம், ‘ஃப்ரெஷ்’ வாங்கிக்கொள்கிறேன் என்பவருக்கும் ஒரு தகவல். 1997இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 26 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஒருபோதும் போகாத கறியை அப்படி விற்கலாம். அது மைனஸ் 3.3 டிகிரி செல்சியஸ். அந்தக் குளிரில் கறிக்குள் கணிசமாகவே பனி பிடித்திருக்கும். பெயரில் ‘ஃப்ரெஷ்’ என்று வாங்கிவந்த பறவையின் வயிற்றுக்குள் கைவிட்டால் பனித்துகள் தட்டுப்படுவது இதனால்தான். ஏமாற்று ஏதும் இல்லை. அதையும் ஒரு நாள் முன்னதாக வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும்.

புதன்கிழமை விழித்துக்கொண்டவருக்கு வழி தண்ணீர். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். கசியாத பையில் கட்டிய பறவையைக் குளிர்ந்த நீரில் முழுதாக மூழ்கவைத்து, அரை மணிக்கொரு முறை நீரை மாற்ற வேண்டும். பவுண்டுக்கு அரை மணி நேரம் என்பது கணக்கு; 16 பவுண்டுக்கு எட்டு மணி நேரம். தொட்டியருகில் நின்று பார்த்தால் நீரை மாற்றச் சொல்வதன் பொருள் கைக்கே தெரியும். பையை ஒட்டினாற்போல் விரலை வைத்தால் மரத்துப்போகும். ஒரு சாண் தள்ளி வைத்தால் அத்தனை குளிர் இருக்காது. பறவையைச் சுற்றி ஒரு குளிர்நீர்ப் படலம் அசையாமல் நின்று, வெளியிலிருந்து வரும் வெப்பத்தை மறித்துக்கொண்டிருக்கிறது. நீரை வடித்துப் புது நீர் விட்டால் அந்தப் படலம் கலைகிறது. பனி பெரும்பாலும் கரைந்துவிட்ட கடைசி மணிகளில் நீர் அறைச்சூட்டுக்கு ஏறிவிடும் அபாயத்துக்கும் மாற்றுவதுதான் மருந்து. இறக்கை நுனிகள் முதலில் வளையத் தொடங்கும். பிறகு காலைப் பிடித்து ஆட்டினால் மூட்டு அசையும். நெஞ்சு மட்டும் நெடுநேரம் அழுத்தத்துக்கு இடம் கொடுக்காது. பை ஓட்டையாக இருந்தால் கறி நீரை உறிஞ்சி ஊறிவிடும். கிருமி தொட்டியெங்கும் பரவும். இப்படி இளக்கிய பறவையை உடனே சமைத்தாக வேண்டும். ஃப்ரிட்ஜில் இளகியதைப்போல் இரண்டு நாள் வைத்திருக்க முடியாது.

தண்ணீர் முறையைச் சொல்லும் அமெரிக்க அறிவுரைகள் எல்லாம் ‘குளிர்ந்த குழாய்நீர்’ என்றே சொல்கின்றன. நவம்பரில் மின்னசோட்டாவிலோ நியூ ஜெர்சியிலோ குழாயைத் திறந்தால் உண்மையிலேயே கை சிலிர்க்கும் நீர் வரும். தெற்கு டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் அப்படி வராது. சென்னையிலும் மதுரையிலும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருவதைக் குளிர்நீர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மதியத்தில் அது வெதுவெதுப்பாகவே வரும். நம் ஊரிலும் கடைகளில் ஃப்ரோசன் கோழி வாங்கிக் கிறிஸ்துமஸுக்கோ தீபாவளிக்கோ சமைக்கும் பழக்கம் வந்துவிட்டதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அறிவுரையை வார்த்தைக்கு வார்த்தை இங்கே பின்பற்றினால், கிருமிக்கு மிகவும் பிடித்த சூட்டில் கோழியை ஊறப்போட்டதாகிவிடும். நீரில் ஐஸ்கட்டிகளைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றேகால் கிலோ கோழிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகலாம். அதைவிட எளிது, முந்தின நாள் மாலையே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுவது. அந்த எடைக்கு 15 மணி நேரம் தாராளமாகப் போதும்.

சுடுநீர் கூடவே கூடாதா? இங்கேதான் ஆய்வுகள் சுவாரசியமான பதில் தருகின்றன. அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்களே 2011இல் மாட்டிறைச்சித் துண்டுகளை 39 டிகிரி நீரில் இளக்கிப் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜில் 18, 20 மணி நேரம் பிடித்த வேலை சுமார் 11 நிமிடத்தில் முடிந்தது. கறியின் தரமும் குறையவில்லை. சமையல் அறிவியல் எழுத்தாளர் ஹெரால்ட் மெக்கீ அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸில் இதை எழுதியபோது பலருக்கு அதிர்ச்சி. கிருமி பெருகத் தேவையான நேரம் கிடைப்பதற்குள் கறி இளகிவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். விரல் தடிமன் துண்டுக்கு அது பொருந்தும். வான்கோழி நெஞ்சின் தடிமனுக்குப் பொருந்தாது. அதே நீரில் முழுப் பறவையைப் போட்டால் உள்ளே பனி கரைவதற்குள் தோல் பல மணி நேரம் உடல்சூட்டில் கிடக்கும். ஆய்வின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வான்கோழியைச் சுடுநீரில் போடுபவர், தடிமன் என்ற ஒரே ஒரு சொல்லைத் தவறவிட்டவர்.

மைக்ரோவேவ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரசு ஒப்புக்கொண்ட முறைதான். ஆனால் பெரிய பறவை உள்ளே நுழையாது. நுழைந்தாலும், நீர் மைக்ரோவேவ் அலைகளைப் பனிக்கட்டியைவிடப் பன்மடங்கு உறிஞ்சுவதால் முதலில் இளகிய இடமே மேலும் மேலும் சுடும். இறக்கை வெந்து நெஞ்சு உறைந்து நிற்கும். சிறு கோழிக்கோ துண்டுகளுக்கோ சரி. அதையும் உடனே அடுப்பேற்ற வேண்டும்.

மக்கள் வேறு என்னென்னவெல்லாம் செய்து பார்க்கிறார்கள் என்பது வேளாண் துறையின் ‘செய்யாதீர்கள்’ பட்டியலைப் படித்தால் தெரியும்: காகிதப் பை, குப்பைப் பை, கார் நிறுத்தும் கொட்டகை, நிலவறை, வீட்டுத் திண்ணை, பாத்திரம் கழுவும் இயந்திரம். திண்ணையையும் கொட்டகையையும் நாடுபவர்கள் வெளியே குளிர்தானே என்று நம்புகிறார்கள். நவம்பர் வெயில் இரண்டு மணி நேரம் அடித்தாலும் அந்தக் குளிர் போய்விடும். தெருவில் திரியும் விலங்குகளுக்கும் அது விருந்து. எதையும் அளந்து பார்க்க முடியாத இடம் என்பதுதான் இவை எல்லாவற்றிலும் உள்ள பொதுக்குறை.

நாள்கணக்கு முடிந்தபின் இளகிவிட்டதா என்று கையால் பார்ப்பதே நம்பகமான சோதனை. உறையைப் பிரித்து வயிற்றுக்குள் கைவிட வேண்டும். கழுத்தையும் ஈரல், இதயம் அடங்கிய சிறு பொட்டலத்தையும் உள்ளே வைத்தே விற்கிறார்கள். அது எளிதாகக் கைக்கு வந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. விலாவின் உட்புறம் பிடித்து ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் இன்னும் பனி இருக்கிறது. அடுத்து தொடையும் உடலும் சேரும் சந்தில் விரலை அழுத்திப் பார்க்க வேண்டும். கடைசியாக இளகும் இடங்களில் அது ஒன்று. கொஞ்சம் பனி மிச்சமிருந்தால் விருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஓவனில் வைக்கலாம், நேரம் கூடும், அவ்வளவே.

அந்த வேளையில் பறவையைக் குழாயடியில் கழுவத் தோன்றும். நம் வீடுகளில் கோழியை மஞ்சள் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசாமல் அடுப்பில் ஏற்றுவதை அம்மாக்கள் ஒப்பமாட்டார்கள். வேளாண் துறைக்காக நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது. கோழியைக் கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் தொட்டியில் கிருமி கிடந்தது. 26 சதவீதம் பேர் அதைச் சாப்பிடத் தயாராக இருந்த காய்கறிக் கலவைக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார்கள். ஆலையிலேயே சுத்தம் செய்து உறையிட்ட பறவையைக் கழுவுவதால் போகும் கிருமியைவிடப் பரவும் கிருமி அதிகம். ஈரத்தைக் காகிதத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். பழக்கத்தை விட முடியாதவர்கள் குழாயை மெல்லத் திறந்து தெறிக்காமல் கழுவி, பிறகு தொட்டியைச் சோப்பாலும் கிருமிநாசினியாலும் தேய்த்துவிட வேண்டும். பச்சைக் காய் நறுக்கும் வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுவது இன்னும் நல்லது.

இளகாத பறவையால் மிகக் கொடிய விபத்து நடப்பது எண்ணெயில்தான். வீட்டு முற்றத்தில் பெரிய அண்டாவில் முழு வான்கோழியைப் பொரிப்பது தென் மாநிலங்களில் பிரபலம். எண்ணெய் 175 டிகிரியில் இருக்கும்போது பறவைக்குள் ஒளிந்திருக்கும் பனி கணத்தில் நீராவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். எண்ணெய் பொங்கி அடுப்புத் தீயில் வழிந்து, ஆள் உயரத்துக்கு மேல் தீ எழும்பும். வீட்டுச் சமையல் தீ விபத்துகள் மிக அதிகமாக நடக்கும் நாள் தேங்க்ஸ்கிவிங் என்று அந்நாட்டுத் தீத்தடுப்புச் சங்கம் ஆண்டுதோறும் எச்சரிக்கிறது. பொரிக்க நினைப்பவர் மட்டும் துளிப் பனியும் இல்லை என்று உறுதிசெய்யாமல் அடுப்பைப் பற்றவைக்கவே கூடாது.

ஓவனில் எப்படிச் சமைத்தாலும் இறுதித் தீர்ப்பு தெர்மாமீட்டருடையது. 2006 முதல் அமெரிக்க விதி எல்லாப் பறவைக் கறிக்கும் ஒரே அளவைச் சொல்கிறது: உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட், செல்சியஸில் 74. பிரிட்டன் 70 டிகிரியில் இரண்டு நிமிடம் என்கிறது. 65 டிகிரி என்றால் பத்து நிமிடம். இரண்டு நாடுகளும் முரண்படவில்லை. கிருமி சாவது சூட்டையும் நேரத்தையும் சேர்த்தே. அமெரிக்கா நேரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாத ஒரு சூட்டை எடுத்துக்கொண்டது. நெஞ்சின் தடித்த இடம், தொடையின் உட்புறம், இறக்கையின் உட்புறம் என மூன்று இடங்களிலும் எலும்பில் படாமல் குத்திப் பார்க்க வேண்டும். அரைகுறையாக இளகிய பறவையில் இந்த மூன்றுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கும். ஓரிடத்தை மட்டும் பார்த்து இறக்கினால் ஏமாந்துபோவோம்.

வியாழன் காலை ஃப்ரீசரைத் திறந்து பார்த்துத் திகைத்து நிற்பவருக்கும் வழி உண்டு: உறைந்தபடியே ஓவனில் வைத்துவிடுவது. இதைக் கேட்டதும் பலர் நம்பமாட்டார்கள். வேளாண் துறை இதைத் தெளிவாகவே அனுமதிக்கிறது; இளகிய பறவைக்கு ஆகும் நேரத்தோடு பாதி நேரம் கூடுதலாகும் என்கிறது. மின்னசோட்டாவில் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி அளித்துவந்த பீட்டர் ஸ்னைடர் இன்னும் ஒருபடி மேலே போய், அதுவே நல்ல முறை என்று வாதிட்டார். பன்னிரண்டு, பதின்மூன்று பவுண்டுப் பறவை 325 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் நாலரை முதல் ஐந்து மணி நேரத்தில் வெந்துவிடும் என்று காட்டினார். பச்சைநீர் சொட்டும் கட்டமே இதில் இல்லை. தடித்த நெஞ்சு நெடுநேரம் குளிர்ந்திருப்பதால், அதிகச் சூடு தேவைப்படும் கால்களும் தொடையும் வேகும்வரை அது வறண்டுபோவதும் இல்லை.

செய்முறையில் சிரமமும் பெரிதாக இல்லை. உறையைக் கழற்றி, ஆழமில்லாத தட்டில் நெஞ்சு மேலே இருக்க வைத்து, 325 டிகிரிக்குக் குறையாத ஓவனில் ஏற்ற வேண்டும். அது 163 டிகிரி செல்சியஸ். வயிற்றுக்குள் எதையும் அடைக்கக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்தில் தோல் மென்மையானதும் இடுக்கியால் உள்ளே இருக்கும் பொட்டலத்தை இழுத்தெடுக்க வேண்டும். அது பிளாஸ்டிக் பையாக இருந்து உருகிப்போயிருந்தால் அந்தப் பறவையைச் சாப்பிடக் கூடாது. வெண்ணெயோ மசாலா விழுதோ பூசுவதும் அந்த நேரத்தில்தான். பிறகு மூன்று இடத்திலும் 74 டிகிரி காட்டும்வரை காத்திருக்க வேண்டும். மதியம் ஒரு மணிச் சாப்பாடு நான்கு மணிக்குப் போகலாம். பட்டாணியும் உருளைக்கிழங்கும் அதுவரை தாங்கும்.

கடையில் விற்கும் உறைகளில் பவுண்டுக்கு எத்தனை நாள், எத்தனை மணி என்ற அட்டவணை அச்சிட்டிருக்கிறார்கள். நாள் தவறியவருக்கு அந்த அட்டவணையில் பதில் இல்லை. சுடுநீர்க் குழாயை நோக்கிக் கை போவது அப்போதுதான். அட்டவணைக்குக் கீழே, ‘இளகாவிட்டால் அப்படியே ஓவனில் வையுங்கள், ஒன்றரை மடங்கு நேரம் ஆகும், உள்ளே 74 டிகிரி வரட்டும்’ என்று ஒரு வரியைப் பெரிய எழுத்தில் சேர்க்க வேண்டும். நிறுவனங்கள் அடுத்த பருவத்து உறைகளிலேயே இதைச் செய்துவிடலாம்.